எட்வின் தேடிய ஒழுகல்

எட்வின் பதினொரு மணிக்கு வந்துவிடுவான், இப்போதே பத்தேகால், உளுந்து இன்னும் கல்லுக்கடியில் நரநரவென்று அரைபடுகிறதே தவிர பொங்கி வரக் காணோம் என்று மாசிலாமணி கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தார். வடைக்கு ஆட்டுவதென்றால் சும்மா இல்லை. தண்ணீரை ஊற்றக் கூடாது, கையை நனைத்துத் தெளிக்க வேண்டும், தெளித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது வேறு யோசனைக்குப் போய்விடக் கூடாது. இந்த மூன்றாவதுதான் அவருக்கு ஆகாத காரியம். முப்பது வருஷமாக நகரத்தின் தென்கோடியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, வளைந்த காலவெளியில் குவாண்டம் புலத்தின் கணக்கைப் போட்டால் வந்து நிற்கும் முடிவிலியைக் கழிப்பதே வேலையாக இருந்த மனுஷனுக்கு வேறு யோசனைதானே பிழைப்பு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் அவர் பொறுப்பு, தமயந்தி கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம், இதுவரை மீறியதில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் மேடையில் விழுந்திருந்தது, ஊறிய உளுந்தின் பச்சை வாசனை மூக்கில் இருந்தது, இடுப்பில் துண்டு, கையெல்லாம் மாவு. எட்வின் மட்டும் வராமல் இருந்தால் இதைவிட நல்ல காலைப்பொழுது கிடையாது. அப்படி நினைத்ததற்காக உடனே தன்னையே திட்டிக்கொண்டார். எட்வின் வர வேண்டும், அவன் வர வேண்டுமென்றுதானே பதினான்கு வருஷமாகக் காத்திருந்தது. புதன்கிழமை போன் வந்தபோது அந்தக் குரல், "மாசிலாமணியா? எட்வின் பேசுறேன். மக பெனிட்டாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வீட்ல இருப்பியா? பத்திரிக தரணும், கேட்டியா" என்றது. மாசி என்று கூப்பிடவில்லை. முழுப் பெயரையும் சொன்னான், ஹாஜர் எடுக்கிற வாத்தியார் மாதிரி. கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்துதான் வைக்க வேண்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ ஏற்படுத்திவைத்த வழக்கம், அதை மட்டும் எட்வினால் மீற முடியவில்லை. இல்லாவிட்டால் வந்திருப்பானா? வாட்ஸப்பில் தட்டிவிட்டுப் போயிருப்பான், அதுகூட சந்தேகம்தான்.

கையை நனைத்துத் தெளித்தார். கல் ஒரு நொடி முனகிவிட்டு மறுபடி ஓடியது. பயம் என்று சொல்லக் கூடாது, பரீட்சை எழுதப் போகிறவனுக்கு வருமே, அந்த மாதிரி ஒன்று. வந்தவுடன் என்ன பேசுவான், புனே பற்றிப் பேச்சு எடுப்பானா, எடுக்காமலே காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவானா. எடுக்காமல் போனால்தான் கொடுமை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் புனேயில் அந்தக் கருத்தரங்க அறையில் ஏசி அளவுக்கு மீறிக் குளிர்ந்தது, எட்வின் மேடையில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்தில் வெற்றிடத்தின் ஆற்றல் என்னவென்று தான் கண்டுபிடித்த விடையை அழகாகச் சொல்லி முடித்தான். கைதட்டினார்கள். முன் வரிசையில் இவர் கையைத் தூக்கினார். ஏன் தூக்கினோம்? தங்கும் விடுதியில் தனியாகச் சொல்லியிருக்கலாம், இரண்டு பேரும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தார்கள், ஒரே டூத்பேஸ்ட். ஆனால் கையைத் தூக்கினார். எழுந்து நின்று, "உன் விடையும் என் விடையும் ஒத்துப்போகல. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல ஆற்றல் ஒழுகுது. அப்படின்னா ரெண்டுல ஒண்ணு ஒழுகுதுன்னு அர்த்தம். என்னுத நான் சரிபார்த்துட்டேன். உன்னுத நீ பார்த்தியா?" என்று ஆங்கிலத்தில், எண்பது பேர் முன்னால் கேட்டார். ஆற்றல் ஒழுகக் கூடாது. ஓரிடத்தில் குறைந்தால் பக்கத்தில் கூடியிருக்க வேண்டும், காரணமில்லாமல் காணாமல் போனாலோ முளைத்தாலோ அந்த விடை குப்பை, இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைத்தான் எட்வினைப் பார்த்துக் கேட்டார். எட்வின் "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னான். ஊருக்குப் போய், அந்த விடையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். யாரும் வற்புறுத்தவில்லை. மாசி சரிபார்த்துவிட்டேன் என்று சொன்னால் சரிபார்த்துவிட்டான் என்று அர்த்தம், அவ்வளவுதான் அவனுக்கு. அதற்கப்புறம் பேச்சு குறைந்தது, கடிதம் நின்றது, அவன் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டான். இவருக்கோ அதே கணக்கில் தன் விடையை வைத்துப் பேரும் பதவி உயர்வும் வந்தன.

ஆனால் சந்தோஷமான நாட்கள், ஹாஸ்டல் நாட்கள், அதை யார் எடுத்துக்கொள்ள முடியும். அரக்கோணத்துப் பையன் ஒருவனும் நாகர்கோவில் பையன் ஒருவனும், ஓரத்தில் ஓட்டை வரிசை போட்ட கம்ப்யூட்டர் பேப்பரின் பின்பக்கத்தில், பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட நாட்கள். வெற்றிடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி இங்கே ஆற்றல் எவ்வளவு என்று கேட்டால் முடிவிலி என்று வரும். புலம் சும்மா இருப்பதே இல்லை, எந்தப் புள்ளியிலும் நடுங்கிக்கொண்டே இருக்கும், அத்தனை நடுக்கத்தையும் கூட்டினால் எங்கே போய் நிற்பது. அதற்கு ஒரு தந்திரம். ஒரு புள்ளிக்குப் பதில் கொஞ்சம் விலகிய இரண்டு புள்ளி. இப்போது நல்ல பிள்ளையாக ஒரு எண் வரும். மெல்ல மெல்ல இரண்டையும் நெருக்கினால் எண் எகிறும். அந்த எகிறலில் வெறும் நெருக்கத்தாலும் அந்த இடத்து வளைவாலும் வந்தது எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட்டு அதைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் இருக்கிறதே அதுதான் விடை. நெய்யைத் தூக்குப் பாத்திரத்தோடு நிறுத்துவிட்டுத் தூக்கின் எடையைக் கழிக்கிற மாதிரி, தூக்கின் எடை முடிவிலி என்பது மட்டும்தான் சங்கடம். தட்டையான வெளியில் வெறும் தூக்கு எது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். வளைந்த வெளியில் ஆளுக்கொரு தூக்கு. ஒருத்தன் வெறுமை என்பதை இன்னொருத்தன் கதகதப்பு என்பான். எட்வின் மொட்டைமாடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்ப ஆளப் பாத்துக் கழிக்கக் கூடாது மக்கா, எடத்தப் பாத்துத்தான் கழிக்கணும், இல்லியா?" என்று கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதைத்தான் பிற்பாடு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக முழுசாகச் செய்துமுடித்தார்கள். புள்ளியை இரண்டாகப் பிளந்து பிளந்து கடைசியில் இவர்களே பிளந்துவிட்டார்கள் என்று மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் அவருக்குத் தெரியும். நல்ல கிண்டல்தான், அவரே ரசித்திருக்கிறார்.

"என்னங்க, வந்தவங்களுக்குக் குங்குமம் எடுத்து வெக்கவா வேணாமா?" என்று கூடத்திலிருந்து தமயந்தி கேட்டாள். "அவரு சம்சாரம் ஸ்டெல்லாவும் கூட வர்றாங்களாமே."

"குங்குமம் வேணாம். பூ வெச்சுப்பாங்க."

"மாவு ஆச்சா?"

"ஆகுது."

"நீங்க ஆகுதுன்னு சொன்னா பயமா இருக்கு. தண்ணிய மறந்து விட்றாதீங்க. உங்க சிநேகிதர்கிட்ட சொல்ல வேண்டியத ஒழுங்கா சொல்லிடுங்க, வழக்கம் மாதிரி அப்புறம் அப்புறம்னு தள்ளாம."

சொல்ல வேண்டியது தயாராகத்தான் இருந்தது. வியாழக்கிழமை பரணிலிருந்து எட்வினின் பழைய கட்டுரையின் நகலை இறக்கி, தூசி தட்டிப் படித்தார், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாக. படித்ததும் மனசு லேசானது. கழிக்கும் பகுதியில் ஒரு மடக்கை வரும், லாக் என்பார்களே அது. தூரத்துக்கு அப்படியே மடக்கை எடுக்க முடியாது, ஏதாவது ஒரு நீளத்தால் வகுத்து வெறும் எண்ணாக்கிய பிறகுதான் எடுக்கலாம். எந்த நீளம் என்று இயற்கை சொல்லாது, நாமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எட்வின் துகளின் நிறையிலிருந்து வரும் நீளத்தை வைத்திருந்தான். இவர் பிரபஞ்சத்தின் ஆரத்தையே வைத்திருந்தார், அதுதான் கம்பீரமாக இருந்தது. நீளத்தை மாற்றினால் விடையில் ஒரு துண்டு கூடும் குறையும், வளைவிலிருந்து மட்டுமே செய்த துண்டு, அதில் தவறேதும் இல்லை, அது விருப்பம். ஆக இரண்டு பேரும் சரி. எவ்வளவு நல்ல செய்தி. எட்வினைச் சோபாவில் உட்காரவைத்து, வடையைத் தட்டில் வைத்து, "நம்ம ரெண்டு பேருமே சரிதான்டா, அளவுகோல்தான் வேற" என்று சொல்லிவிடலாம். அவனும் சிரிப்பான். இவருக்கும் எதுவும் குறையாது. இதைத்தான் மூன்று நாளாகக் குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போதும் உதடு அசைந்தது. ரெண்டு பேருமே சரிதான்டா. கேட்க இனிமையாக இருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே இனிமையாக இருந்தது. எங்கேயோ ஒரு உளுந்து அரைபடாமல் கல்லில் மாட்டிய மாதிரி ஒரு நெருடல். என்ன அது? ஒன்றுமில்லை. தண்ணீர் தெளி.

சமையலறை நிலைக்கட்டையில் பென்சில் கோடுகள். மகள் நித்திலா வளர்ந்த உயரம், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. இப்போது கோயம்புத்தூரில் வேலை, நேற்றுகூடப் பேசினாள், வடைக்கு மிளகைத் தட்டிப் போடச் சொன்னாள். ஆறு வயதில் அவளுக்கு ஒரு பைத்தியம், தரையில் படுத்துக்கொண்டு தன்னைச் சாணால் அளக்கச் சொல்வாள், அவளுடைய சாண், அவளுடைய பிஞ்சுக் கை. ஒரு நூலை அவள் கைக்கு வெட்டி அளந்தால் எட்டு. ஏழு வயதில் புதிதாக ஒரு நூல், அதுவும் எட்டு. பத்து வயதிலும் எட்டு. "அப்பா, நான் வளரவே இல்லப்பா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள், அத்தனை கோடும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது. கையும் சேர்ந்து வளர்ந்தால் கையால் அளந்தது எப்படி மாறும். அவரும் சிரித்தார், இப்போதும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கையும் சேர்ந்து வளர்ந்தால். ஆரம். நான் வைத்த நீளம் ஆரம். பிரபஞ்சம் விரிகிறது. ஆரம் விரிகிறது. என் அளவுகோல் விரிகிறது. மாசிலாமணி தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். விரியாத நீளம் இரண்டை மாற்றிக்கொண்டால்தான் வித்தியாசம் ஒழுகாது. ஒன்று விரிந்தால், நேரத்துக்கு நேரம் மாறும் ஒரு எண்ணால் அந்தத் துண்டைப் பெருக்கிய மாதிரி ஆகும், அப்புறம் ஒழுகாமல் என்ன செய்யும். வித்தியாசம் ஒழுகுகிறது என்று எண்பது பேர் முன்னால் சொன்னது நிஜம். இரண்டில் ஒன்று ஒழுகுகிறது, அதுவும் நிஜம். என்னுதைச் சரிபார்த்துவிட்டேன் என்றது? பார்த்தார்தான். எந்தப் பிரபஞ்சத்தில் பார்த்தார்? விரியாத பிரபஞ்சத்தில், ஆரம் அசையாமல் நிற்கும் சுலபமான கணக்கில், அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆகையால் எங்கேயும் ஒழுகாது என்று எழுந்து கையைத் தூக்கிவிட்டார். ஒழுகியது அவருடையது. எட்வினுடையது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஓட்டை இல்லாத விடை.

காது சூடானது. மறுபடி முதலிலிருந்து போட்டார், கிரைண்டர் சத்தத்திலேயே, மனசுக்குள்ளேயே, எங்காவது ஒரு குறி மாறியிருந்தால் தப்பிக்கலாம். மாறவில்லை. மூன்றாம் தடவையும் மாறவில்லை. தன் கட்டுரையை வைத்து எத்தனை பேர் மேலே கட்டியிருக்கிறார்கள், நிலையத்தில் அதைச் சொல்லி எத்தனை முறை மாலை, திருத்தம் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பினால் பெயர் கெடும், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கையில் இது தேவையா. ஒரு குரல், மெல்ல, மிக நயமாக, ரெண்டு பேருமே சரிதான்டா என்று அதே பாட்டைப் பாடியது. எட்வினுக்கு எப்படித் தெரியப்போகிறது, கல்யாண வேலையில் இருக்கிறவன், சிரித்துவிட்டுப் போவான். அப்படிச் சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று மாசிலாமணி நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தப் பரீட்சைப் பயம் நின்றுவிட்டது. பயம் போன இடத்தில், என்ன சொல்வது, சந்தோஷம். வெட்கமும் இருந்தது, நிறையவே, அதையும் மீறிய சந்தோஷம். கணக்கு முடிந்துவிட்டது. பதினான்கு வருஷமாக ஒத்துப்போகாத ஒன்று எங்கே ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்தது தன் தலையிலேயே விழுந்தாலும் தெரிந்தது தெரிந்ததுதான், ஒரு மாணவன் வந்து சொல்லியிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். வெயில் மேடையில் அப்படியே இருந்தது. மாவு பொங்கி வெள்ளை வெளேரென்று கல்லைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது, அவர் ஒரு கிள்ளு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். மிதந்தது. எட்வினின் விடை எவ்வளவு அழகு என்று அப்போதுதான் தோன்றியது. பொறாமைகூட வரவில்லை.

மணி அடித்தது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான், அவன் எப்போதும் அப்படித்தான். தமயந்தி கதவைத் திறக்கும் சத்தம், ஸ்டெல்லாவின் குரல், செருப்புக் கழற்றும் சத்தம். மாசிலாமணி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார், கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று போனால் அந்த இடைவெளியில் அந்த நயமான குரல் மறுபடி ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தது. கழுவவில்லை. முழங்கை வரைக்கும் மாவோடு கூடத்துக்கு வந்தார். எட்வின் நின்றுகொண்டிருந்தான். முடி முழுக்க நரைத்து, கொஞ்சம் கூனி, கையில் தங்க நிற எழுத்துப் போட்ட உறையோடு.

"என்னங்க இது கோலம்?" என்றாள் தமயந்தி.

"எட்வினு, உக்காராத. மொதல்ல இத கேளு. புனேல ஒழுகினது என் விடைடா. உன்னுது இல்ல. உன்னுது சரி. முழுக்க சரி."

தமயந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எட்வின் ஹாஸ்டலில் கேட்கிற மாதிரியே கேட்டான்.

"லாக்குக்குள்ள எந்த நீளத்தப் போட்ட?"

"ஆரம்."

"ஆரமா?" எட்வினின் வாய் திறந்தது. "விரியுற ஆரமா? லேய், விரியுறதப் போட்டா அளப்பாவ?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, தோள் குலுங்கிச் சிரித்தான், ஸ்வெட்டர் இல்லாத அந்தத் தோள். சிரித்துக்கொண்டே இருந்தவனின் குரல் உடைந்தது. "ஆறு மாசம் தேடினேன் மக்கா. எங்க ஒழுகுதுண்ணு. ராத்திரி பகலா. நீ பாத்துட்டேண்ணு சொன்னியே, அப்ப எங்கிட்டதான இருக்கணும்? கெடைக்கவே இல்ல. எனக்குப் புத்தி அவ்வளவுதாம்போலண்ணு விட்டுட்டுப் போயிட்டேன்."

மாசிலாமணிக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் மாவு. "திருத்தம் எழுதறேன். உன் பேரச் சொல்லி எழுதறேன். உன் கட்டுரைய நீ மறுபடி அனுப்பணும், ஒரு கமாகூட மாத்தாம."

"அனுப்பலாம். கல்யாணம் முடியட்டும்." எட்வின் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கையிலிருந்த உறையைப் பார்த்தான். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. "நூத்தியம்பது உறைக்கு மேல பேரு எழுதியாச்சு. உன்னுது மட்டும் அப்பிடியே கெடக்கு. பேராசிரியர் மாசிலாமணிண்ணு எழுதினா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு. மாசிண்ணு எழுத ஒரு இது வேணும்லா. ஸ்டெல்லாகிட்ட கேளு, ரயில்ல கூட எழுதல."

"வரும்போதும் கேட்டேன். அங்க போய்ப் பாத்துக்கிடலாம்ணு சொல்லியாச்சு" என்றாள் ஸ்டெல்லா.

எட்வின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சோபாவின் கைப்பிடியில் உறையை வைத்து, இரண்டே எழுத்து எழுதினான். எழுதிவிட்டு இரண்டு கையாலும் நீட்டினான். "கை கழுவிட்டு வர்றேன்டா" என்றார் மாசிலாமணி. "அதெல்லாம் வேண்டாம், இப்பிடியே வாங்கு" என்றான் எட்வின். அவர் மாவுக் கையோடு வாங்கிக்கொண்டார்.